நிமிடத்துக்கு 40 மில்லி

வீடு மாறி வந்த முதல் வாரத்திலேயே அம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரத்தின் குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டாவது, "ராத்திரி முழுக்க சிங்க்குக்குக் கீழே தண்ணி ஓடுற சத்தம் கேக்குதும்மா, அது நிக்கவே நிக்காதா?" முதல் விஷயத்தைத்தான் நான் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவதைக் கவனிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அம்மா சொன்ன அந்தச் சத்தத்தில்தான் முழு விஷயமும் இருந்தது. கடைசியில் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்ட ஒரு சிறிய பம்ப் மாட்டித்தான் இரண்டையும் சரிசெய்தேன், அந்தக் கதைதான் இது.

இயந்திரம் புதிதில்லை. பழைய வீட்டில் மூன்று வருடம் நன்றாக ஓடியதுதான். சிங்க்குக்கு அடியில் மூன்று ஃபில்டர், உப்பைத் தடுக்கும் சவ்வான ஒரு மெம்பிரேன், பக்கத்தில் நல்ல தண்ணீரைச் சேர்த்துவைக்கும் 12 லிட்டர் பிரஷர் டேங்க். மின்சார இணைப்பே கிடையாது. அங்கே நேரடிக் குழாய்த் தண்ணீர் நல்ல வேகத்தில் வந்தது, அந்த வேகத்திலேயே எல்லாம் நடந்தது. குழாயைத் திறந்தால் பத்து விநாடிக்குள் டம்ளர் நிரம்பிவிடும். இங்கே காலையில் திறந்தால் ஒன்றேகால் லிட்டர் மாதிரி வரும். அப்புறம் நூல் போல ஒழுகும். அதற்கப்புறம் ஒரு டம்ளர் நிரம்ப ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அம்மா நிற்க மாட்டார். கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, மறக்காமல் எழுந்து வந்து மூடிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு ராத்திரியில் அப்படி எழுந்து வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தோம். டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தார், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது அது. உள்ளே வரும் தண்ணீர் 640, வெளியே வருவது 78. "மெம்பிரேன் போயிடுச்சு" என்றார். மாற்றினோம். மறுநாள் அதே நூல், மீட்டரில் ஏறக்குறைய அதே எண். புது மெம்பிரேன் ஒரே நாளில் எப்படிப் போகும்? அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தண்ணீர் குறைந்து உப்பும் கூடினால் முதலில் மெம்பிரேன் மீது சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, ஒரு அளவை: அழுத்தம்.

ஒரு சிறிய பிரஷர் கேஜ் வாங்கி, ஆர்.ஓ.வுக்குப் போகும் குழாயில் ஒரு டி வடிவ இணைப்பு போட்டு மாட்டினேன். 18 பி.எஸ்.ஐ. காட்டியது (பி.எஸ்.ஐ. என்பது அழுத்தத்தின் அலகு). நாங்கள் இருப்பது கீழ்த்தளம். தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது. தண்ணீரின் ஒவ்வொரு மீட்டர் உயரமும் சுமார் 1.4 பி.எஸ்.ஐ. தரும். பன்னிரண்டரை மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கிட்டத்தட்ட 18. கணக்கு சரியாக இருந்தது. குழாயில் எந்த அடைப்பும் இல்லை, இந்த வீட்டில் இருக்கும் அழுத்தமே அவ்வளவுதான்.

மெம்பிரேன் பெட்டியின் மேலே 75 ஜி.பி.டி. என்று போட்டிருந்தது. நாளுக்கு 75 கேலன் என்று பொருள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், ஆக நாளுக்கு 284 லிட்டர், நிமிடத்துக்கு 197 மில்லி. ஆனால் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 25 டிகிரி வெப்பத்தில், 250 டி.டி.எஸ். தண்ணீரில். என் வீட்டில் அழுத்தம் அதில் பாதிகூட இல்லை, உப்போ இரண்டரை மடங்கு. அளவு ஜாடியும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டேங்க் இணைப்பைக் கழற்றிவிட்டு, மெம்பிரேனிலிருந்து வரும் நல்ல தண்ணீரை நேராகப் பிடித்தால் நிமிடத்துக்கு 40 மில்லி. அதே நேரத்தில், மீதி உப்புத் தண்ணீர் வெளியேறும் கழிவுக் குழாயில் போனது 190 மில்லி.

இந்த 40 எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பம்ப் எதற்கு என்பதற்கான பதிலே அதுதான். நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் ஒரு சவ்வு பிரித்தால், நல்ல தண்ணீர் தானாகவே உப்பு இருக்கும் பக்கம் போகும். அது இயற்கை. எதிர்ப்பக்கம் போக வைக்க வேண்டுமானால், அந்த இயற்கையான இழுப்பை முதலில் சரிக்கட்டி, அதற்கு மேலும் அழுத்த வேண்டும். வீட்டுக் கணக்குக்கு, 100 டி.டி.எஸ்.ஸுக்கு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளலாம். 640-க்கு ஆறரை. என் 18-இல் ஃபில்டர்களைத் தாண்டுவதற்குள் இரண்டு போய்விடுகிறது. மீதி 16. அதில் ஆறரை உப்பைச் சரிக்கட்டப் போகிறது. கடைசியில் தண்ணீரைத் தள்ள மிஞ்சுவது ஒன்பதரை. 50-ஐ நம்பிச் செய்த சவ்வுக்கு ஒன்பதரைதான் கிடைக்கிறது, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் தருகிறது.

கடல்நீரைக் குடிநீராக்க முடியுமா என்று 1960-ஐ ஒட்டிய வருடங்களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இருவர் உழைத்தார்கள். உப்பைத் தடுக்கும் சவ்வு அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அதன் வழியே வந்த தண்ணீர் மிகவும் சொற்பம். மேலே மெல்லிய தோல், கீழே நுண்துளைகள் உள்ள தாங்கு அடுக்கு என்று அவர்கள் சவ்வைச் செய்த பிறகுதான் தண்ணீர் பல மடங்கு கூடியது. 1965-இல் கோலிங்கா என்ற ஊரில் அப்படிப்பட்ட சவ்வை வைத்து ஊர் மக்களுக்குத் தண்ணீர் தரும் நிலையம் ஓடத் தொடங்கியது. சௌரிராஜன் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. நம் சமையலறை வரை வந்துவிட்ட பொருள் இது.

சரி, தண்ணீர் குறைந்ததற்குக் காரணம் புரிந்தது. உப்பு ஏன் கூடியது? சவ்வு கிழிந்திருந்தால்தான் உப்பு கூடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அப்படி இல்லை. சவ்வின் வழியே தண்ணீர் போகும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. உப்பு கசியும் வேகமோ இரண்டு பக்கமும் உப்பு எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பொறுத்தது, அழுத்தம் அதை அதிகம் தொடுவதில்லை. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைகிறது, உப்பு பழைய வேகத்திலேயே வந்துகொண்டிருக்கிறது. குறைந்த தண்ணீரில் அதே உப்பு. அதனால் மீட்டரில் எண் ஏறுகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு, காரணமே இல்லாமல் தூக்கிப் போட்ட பழைய மெம்பிரேனை நினைத்து வருத்தமாக இருந்தது.

இனி அம்மா சொன்ன சத்தத்துக்கு வருகிறேன்.

பிரஷர் டேங்க்குக்குள் ஒரு ரப்பர் பை, அதைச் சுற்றிக் காற்று. என் டேங்க் காலியாக இருக்கும்போது காற்றின் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ. தண்ணீர் உள்ளே போகப் போக அது ஏறும், மெம்பிரேனைத் திருப்பித் தள்ளும். மிஞ்சியிருந்ததே ஒன்பதரை. ஆக டேங்க் ஒன்பதரையைத் தொட்டதும் நல்ல தண்ணீர் வருவது நின்றுவிடுகிறது. காற்றுக் கணக்குப் போட்டால் அப்போது 12 லிட்டர் டேங்க்கில் ஒன்றேகால் லிட்டர்தான் இருக்கும். காலையில் அம்மாவுக்குக் கிடைத்த அதே ஒன்றேகால் லிட்டர்.

டேங்க் நிரம்பியதும் உள்ளே வரும் தண்ணீரை நிறுத்த ஒரு சிறிய வால்வு இருக்கிறது, நான்கு குழாய் சேரும் ஆட்டோ ஷட் ஆஃப் வால்வு. டேங்க்கின் அழுத்தம், உள்ளே வரும் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டினால்தான் அது மூடும். 16-இல் மூன்றில் இரண்டு பத்தரைக்கு மேல். டேங்க் அதை எட்டவே போவதில்லை. வால்வும் மூடப் போவதில்லை. கழிவுக் குழாய் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருந்தது. வாளியை வைத்துப் பார்த்தேன். 20 லிட்டர் வாளி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நிரம்பி வழிந்தது. நிமிடத்துக்கு 190 மில்லி என்றால் நாளுக்கு 270 லிட்டருக்கு மேல். ஒரு மாதமாக, யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்திலும், அவ்வளவும் சாக்கடைக்குப் போயிருக்கிறது. அன்றைக்கே உள்ளே வரும் குழாயை மூடிவிட்டேன். பம்ப் வரும் வரை வேறு வழியில் தண்ணீர் கொண்டுவந்து சமாளித்தோம். குறைந்த அழுத்தத்தில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு ராத்திரி அந்தக் கழிவுக் குழாய்க்குக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பம்ப் வாங்குவதில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. பம்பின் மேலும் 75 ஜி.பி.டி., 100 ஜி.பி.டி. என்று போட்டிருப்பார்கள். பம்ப் தள்ளும் தண்ணீரின் அளவு அதுவல்ல, எந்த அளவு மெம்பிரேனுக்கு ஏற்றது என்பதைச் சொல்வது. நல்ல தண்ணீரோடு கழிவையும் சேர்த்துத் தள்ள வேண்டுமே, அதனால் உண்மையில் பல மடங்கு தள்ளும். என் 75 மெம்பிரேனுக்கு 100 ஜி.பி.டி. பம்ப் எடுத்தேன். 24 வோல்ட் டி.சி., உள்ளே ரப்பர் டயாஃப்ரம் மேலும் கீழும் அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை. அடாப்டர் எடுக்கும்போது வோல்ட் பம்போடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர், பம்பின் லேபிளில் இருப்பதற்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. குறைவான அடாப்டர் சூடாகும், பம்பும் அழுத்தத்தை எட்டாமல் திணறும்.

வெறும் பம்பை மட்டும் வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது தானாக நிற்காது. இரண்டு ஸ்விட்ச் வேண்டும். லோ பிரஷர் ஸ்விட்ச் பம்புக்கு முன்னால்: தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனால் பம்பை நிறுத்திவிடும், இல்லையென்றால் பம்ப் காய்ந்து ஓடி டயாஃப்ரம் கெட்டுப்போகும். ஹை பிரஷர் ஸ்விட்ச் டேங்க் பக்கம்: டேங்க் நிரம்பி அழுத்தம் ஏறியதும் நிறுத்தும். நான் எடுத்தது 40 பி.எஸ்.ஐ.யில் துண்டிப்பது. இரண்டையும் ஒரே வரிசையில் கோக்க வேண்டும். அடாப்டரின் ஒரு வயர் லோ ஸ்விட்ச் வழியாக, பிறகு ஹை ஸ்விட்ச் வழியாகப் பம்புக்கு. மற்ற வயர் நேராகப் பம்புக்கு. இரண்டில் எது திறந்தாலும் பம்ப் நின்றுவிடும்.

பழைய ஆட்டோ ஷட் ஆஃப் வால்வைக் கழற்றவில்லை. இது முக்கியம். பம்ப் நின்றாலும் அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து போய்க்கொண்டேதான் இருக்கும், பம்ப் ஒரு அடைப்பான் அல்ல. டேங்க் 40-ஐ எட்டியதும் ஸ்விட்ச் பம்பை நிறுத்துகிறது. உடனே உள்வரும் அழுத்தம் பழைய 18-க்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் 18, மறுபக்கம் 40. வால்வு சட்டென்று மூடிக்கொள்கிறது. மாதம் முழுக்க மூடாத வால்வு இப்போது நன்றாக மூடுகிறது. காற்றழுத்தம் இல்லாமல் மேலிருந்து நேராகத் தண்ணீர் விழும் சாதாரண டேங்க் உள்ள இயந்திரங்களில் இந்த வால்வும் ஹை பிரஷர் ஸ்விட்சும் இருக்காது. அவற்றில் மிதவை ஸ்விட்சும், பம்போடு சேர்ந்தே மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வும் இதே வேலையைச் செய்யும். சோலினாய்டு இல்லாமல் பம்ப் மட்டும் வைத்தால் கழிவு மறுபடியும் ராத்திரி முழுக்க ஓடும்.

மாட்டிய நாளன்று தம்பி உதவிக்கு வந்தான். "அக்கா, முதல்ல தண்ணிய மூடு, அப்புறம் பேசலாம்" என்று ஆரம்பித்தவன் கடைசி வரை டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தான். தண்ணீரை மூடினோம், டேங்க் வால்வை மூடினோம், குழாயைத் திறந்து உள்ளே மிச்சமிருந்த அழுத்தத்தை விட்டோம். செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் இரண்டையும் தாண்டிய இடத்தில் டியூப்பை வெட்டினேன். பம்பை ஃபில்டர்களுக்குப் பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. மணலும் துருவும் பம்புக்குள் போகாது. தவிர, ஃபில்டர் கூடுகள் பம்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியதில்லை. முன்னால் வைப்பவர்களும் இருக்கிறார்கள். என் இயந்திரத்தில் ஃபில்டர் கூடுகள் பழையவை, அவற்றை நம்பி 70 பி.எஸ்.ஐ. கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

டியூப்பை வெட்டுவதில் பொறுமை வேண்டும். கத்தரிக்கோலால் நசுக்கி வெட்டினால் முனை கோணலாகிவிடும். கோணல் முனை பொருத்தியதும் உட்கார்ந்தது போலத் தெரியும், அழுத்தம் ஏறும்போது ஒழுகும். கூர்மையான பிளேடால், நேராக, ஒரே வெட்டு. எல்போ என்ற வளைந்த இணைப்புக்குள் செருகும்போது முதலில் ஒரு இடத்தில் நிற்கும், அதையும் தாண்டி இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால்தான் உள்ளே ரப்பர் வளையத்தைக் கடந்து போய் உட்காரும். அப்புறம் பூட்டுக் கிளிப்பை மாட்டி, டியூப்பைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். பம்பின் தலை பிளாஸ்டிக். எல்போவின் மரையில் டெஃப்லான் டேப் நான்கைந்து சுற்று சுற்றி, கையால் முறுக்கி, ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம் மட்டும். வலுவாக முறுக்கினால் தலை விரிசல் விடும். தண்ணீர் எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்பதை அம்புக்குறி காட்டும். பம்புக்கும் மெம்பிரேனுக்கும் நடுவில் அந்தப் பழைய கேஜை நிரந்தரமாகவே வைத்துவிட்டேன். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அடுத்து வந்த எதையும் என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடாப்டரைச் சுவரில் உயரமாக மாட்டினேன். அதிலிருந்து இறங்கும் வயர் ஒரு இடத்தில் தொங்கி மறுபடி மேலேறி பம்புக்குப் போகும்படி விட்டேன். எங்காவது ஒழுகினாலும் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு அடாப்டருக்குள் ஏறாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். 24 வோல்ட் பக்கம் பயமில்லை, அடாப்டரின் மறுபக்கம் வீட்டு மின்சாரம்.

ஸ்விட்சைப் போட்டோம். டக், டக், டக். பம்ப் ஒரு விநாடி ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. வயரை மாற்றிக் கோத்துவிட்டேனோ என்று பிரித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. தம்பிதான் பம்புக்கு முன்னால் விரலை வைத்துக் காட்டினான். லோ பிரஷர் ஸ்விட்சில் இருந்து அந்த டக் சத்தம் வந்தது. தண்ணீர் அசையாமல் நிற்கும்போது 18 இருக்கிறது. பம்ப் இழுத்ததும் முன்னால் அழுத்தம் சரிந்துவிடுகிறது, ஸ்விட்ச் தண்ணீர் இல்லை என்று நினைத்து நிறுத்துகிறது, நின்றதும் அழுத்தம் மீள்கிறது, மறுபடி ஓடுகிறது. எங்கோ நெருக்கடி. செடிமென்ட் ஃபில்டரைத் திறந்தால் காபிக் கொட்டை நிறத்தில் இருந்தது. முன்பு நிமிடத்துக்கு 230 மில்லி போய்க்கொண்டிருந்தபோது அது தாக்குப்பிடித்தது. பம்ப் அதைப்போல மூன்று மடங்கு கேட்டதும் முடியவில்லை. புது ஃபில்டர் போட்டேன், உள்ளே வரும் வால்வையும் முழுதாகத் திறந்தேன். பம்ப் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அழுத்தத்தை நின்ற தண்ணீரில் மட்டும் பார்க்காமல் ஓடும் தண்ணீரிலும் பார்க்க வேண்டும் என்பது அப்போது மனதில் பதிந்தது.

கேஜ் முள் மெதுவாக ஏறி 70-இல் நின்றது. அளவு ஜாடியை எடுத்து வந்தேன். நல்ல தண்ணீர் நிமிடத்துக்கு 235 மில்லி. கழிவு 440. மீட்டர் முதலில் 60-க்கு மேல் காட்டியது, பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு 21-இல் நின்றது. நின்றிருந்த சவ்வில் முதலில் வரும் தண்ணீரில் எப்போதும் உப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அழுத்தம் இல்லாத நேரத்திலும் உப்பு கசிந்துகொண்டே இருப்பதால் அப்படி. அதனால் முதல் டம்ளரை அளந்து முடிவு செய்யக் கூடாது.

இந்த எண்களை அன்று ராத்திரி திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு 40 மில்லியில் லிட்டருக்கு 78 மில்லிகிராம், ஆக நிமிடத்துக்கு 3 மில்லிகிராம் உப்பு கசிந்தது. இப்போது 235 மில்லியில் 21, ஆக 5 மில்லிகிராமுக்கு கொஞ்சம் குறைவு. தண்ணீர் ஏறக்குறைய ஆறு மடங்கு ஆகியிருக்கிறது, உப்பு இரண்டு மடங்குகூட ஆகவில்லை. படித்துப் புரிந்துகொண்டதை என் வீட்டு ஜாடியிலேயே பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு முன்பு நாலே முக்கால் லிட்டர் கழிவு போனது, டேங்க் திருப்பித் தள்ளாத நிலையிலேயே. இப்போது இரண்டு லிட்டருக்குள். டேங்க் 40 வரை ஏறுவதால் ஒன்றேகாலுக்குப் பதில் ஏழு லிட்டர் நிற்கிறது.

கழிவுக் குழாயில் இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பம்ப் தண்ணீரைத் தள்ளத்தான் செய்யும், அழுத்தம் உண்டாவது இந்தச் சின்ன நெருக்கடி தடுப்பதால்தான். அது இல்லையென்றால் எவ்வளவு நல்ல பம்ப் வைத்தாலும் எல்லாம் கழிவாக ஓடிப்போகும், முள் ஏறாது. என்னிடம் இருந்தது 75 மெம்பிரேனுக்கு ஏற்றதாகவே இருந்ததால் மாற்றவில்லை. கழிவைக் குறைக்க வேண்டும் என்று இதை இன்னும் இறுக்கினால் என்ன என்று தம்பி கேட்டான். கேள்வி நியாயம்தான். ஆனால் சவ்வின் மேல் சேரும் உப்பைக் கழுவிக்கொண்டு போவது அந்தக் கழிவுத் தண்ணீர்தான். அதைக் குறைத்தால் உப்பு அங்கேயே படிந்து கல்லாகிவிடும், சவ்வு சீக்கிரம் அடையும். இரண்டு லிட்டருக்கு ஒன்று என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். அந்தக் கழிவைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் எடுத்துக்கொள்கிறோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த மூன்றாம் நாள் ராத்திரி, பம்ப் தானாக ஓடும் சத்தம். யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. ஒரு நிமிடம் ஓடி நின்றது. இருபது நிமிடம் கழித்து மறுபடியும். டேங்க்கின் அழுத்தம் எங்கோ கசிகிறது. வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு, கழிவுக் குழாயைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் விட்டுப் பார்த்தேன். சொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே தண்ணீர் வராதபோதும் கழிவில் தண்ணீர் வருகிறது என்றால் அது டேங்க்கிலிருந்து சவ்வின் வழியாகப் பின்னோக்கி வரும் நல்ல தண்ணீர்தான். மெம்பிரேன் கூட்டின் வெளிவாயில் இருக்கும் செக் வால்வு அதைத் தடுக்க வேண்டும். எல்போவுக்குள்ளேயே மறைந்திருக்கும் ஒரு சிறு ரப்பர் துண்டு அது. கழற்றிப் பார்த்தால் ஓரம் தேய்ந்து வளைந்திருந்தது. பழைய வீட்டில் மூன்று வருட வேலை. இங்கே டேங்க்கில் பத்து பி.எஸ்.ஐ.கூட இல்லாததால் அதன் குறை தெரியவில்லை, 40 ஆனதும் தெரிந்துவிட்டது. இதை விட்டுவைத்தால் ராத்திரிச் சத்தத்தோடு போகாது. பின்னாலிருந்து வரும் அழுத்தம் சவ்வின் ஒட்டுகளையே பிரித்துவிடும். புது எல்போ போட்டதும் பம்ப் ராத்திரியில் அமைதியானது. (வால்வை மூடியதும் சொட்டுவது நின்றிருந்தால் குற்றவாளி ஆட்டோ ஷட் ஆஃப் வால்வு. இந்த ஒரு சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.)

சத்தம் என்று எடுத்தால், பம்ப் ஓடும்போதும் முதலில் அலமாரிப் பலகை முழுக்க அதிர்ந்தது. பலகையில் திருகியிருந்ததைக் கழற்றி, அடியில் தடித்த ரப்பர் துண்டு வைத்தேன், டியூப்புகள் பலகையைத் தொடாமல் வளைத்துவிட்டேன். இப்போது கதவைச் சாத்தினால் மெல்லிய முனகல்தான்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை நான்கு எண்: கேஜ், நல்ல தண்ணீர், கழிவு, டி.டி.எஸ். முள் 70-இலிருந்து மேலே ஏறிக் கழிவு குறைந்தால் ரெஸ்ட்ரிக்டர் அடைகிறது. முள் இறங்கினால் பம்பின் டயாஃப்ரம் தளர்கிறது, அல்லது ரெஸ்ட்ரிக்டர் வழிவிட்டுவிட்டது, கழிவின் அளவு எது என்று சொல்லும். முள் அப்படியே நின்று தண்ணீர் மட்டும் குறைந்தால்தான் மெம்பிரேனைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை: தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் சவ்வு சுமார் 3 சதவீதம் குறைவாகத் தரும். குளிர் மாதத்தில் தாளில் 190 என்று எழுதியிருக்கிறேன், முள் 70, டி.டி.எஸ். 19. தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்தால் 19 டிகிரி. கணக்கு ஒத்துப்போனது. மெம்பிரேனைத் தொடவில்லை. வெயில் திரும்பியதும் 230 வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் கேஜ் 50-க்கு மேல் காட்டினால் இதில் எதுவும் தேவையில்லை. காசை வீணாக்க வேண்டாம்.

அம்மா இப்போது படுக்கப் போகும் முன் ஒரு செம்பை குழாயடியில் பிடிக்கிறார், நிரம்பும் வரை அங்கேயே நிற்கிறார். கொஞ்ச நேரம்தான். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, சிங்க் பக்கம் ஒரு விநாடி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்.